அந்த 10 நிமிடம் உங்கள் நோட்டில் இல்லை: பார்லர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அழகு நிலையங்களையும் சலூன்களையும் நடத்தும் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

உங்களில் பலர் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். 'ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யவும்' என்று அதில் இருக்கும். பக்கத்திலேயே அன்றைய அப்பாயின்ட்மென்ட் நோட்டு. 10 மணிக்கு ஒருவர், பத்தரைக்கு ஒருவர், 11 மணிக்கு ஒருவர். நடுவில் மூச்சு விட இடமில்லை. அந்தத் தாள் சொல்வதைச் செய்ய இந்த நோட்டு விடாது. வேலை செய்கிறவர் எதற்குக் கட்டுப்படுவார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் இந்தத் தொழிலில் நெடுநாளாக இருக்கிறேன். வேலையும் பார்க்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். கடையில் சுத்தம் சரியில்லை என்று யாராவது சொன்னால் பழி உடனே வேலை செய்கிற பெண்ணின் மேல் விழுகிறது. சோம்பேறி, அக்கறை இல்லாதவள், சொன்னால் கேட்பதில்லை. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை குறை பெரும்பாலும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. நோட்டை எழுதுகிறவர் நீங்கள். அதனால் இந்தக் கடிதமும் உங்களுக்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சீப்பையோ கத்தரியையோ கிருமிநாசினியில் போடுவதற்கு முன் கழுவ வேண்டும். முடி, எண்ணெய்ப் பிசுக்கு, தோல் செதில், ஜெல் எல்லாம் போக சோப்புத் தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்த்து அலச வேண்டும். இதை விட்டுவிட்டு நேராக மருந்தில் போட்டால் மருந்தின் பலத்தை அந்த அழுக்கே தின்றுவிடும், அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. கழுவிய பிறகு துடைத்துவிட்டு மருந்தில் போட வேண்டும். சொட்டச் சொட்டப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். அப்புறம் லேபிளில் எழுதியிருக்கும் நேரம் வரை அது மூழ்கியே இருக்க வேண்டும். பல சலூன் கிருமிநாசினிகளுக்கு இது 10 நிமிடம். எடுத்து அலசி, சுத்தமான துணியால் துடைத்து, உலர்த்தி, மூடிய பெட்டியில் வைக்க இன்னும் சில நிமிடம். மொத்தத்தில் கால் மணி நேரம் போய்விடும். அரை மணிக்கு ஒருவர் வருகிற நோட்டில் அந்தக் கால் மணி நேரத்தை யார் வீட்டிலிருந்து கொண்டு வருவது?

நாவிதர் மேசைகளில் நிற்கும் அந்த நீல நிற ஜாடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் பார்பிசைடு என்ற கிருமிநாசினியை 1940-களில் அமெரிக்காவில் மாரிஸ் கிங் என்பவர் உருவாக்கினார். பின்னாளில் ஒரு ஜாடி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போனது. அவ்வளவு புகழ் பெற்ற ஜாடிதான் இன்று பல கடைகளில் வெறும் அலங்காரமாக நிற்கிறது. ஒரு பங்கு மருந்துக்கு 16 பங்கு தண்ணீர் என்பது அதன் அளவு. ஆனால் அளவுக் குவளை எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நீலம் தெரிகிறதா, சரி, போதும் என்பதுதான் நடைமுறை. கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும், கலங்கிவிட்டாலோ முடி மிதந்தாலோ உடனே மாற்ற வேண்டும். கத்தரியின் நுனி மட்டும் உள்ளே இருந்து, பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிடி கிருமிநீக்கம் ஆகவில்லை. நாள் முழுக்கக் கை பட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிடியில்தான். இரண்டு நிமிடத்தில் அவசரமாக எடுத்தால், போட்டதற்கே பலன் இல்லை.

ஸ்பிரே அடித்துத் துடைப்பதும் இதே கதைதான். ஆல்கஹால் சீக்கிரம் காய்ந்துவிடும். லேபிளில் சொன்ன நேரம் வரை பரப்பு ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். 'அடித்தேன், துடைத்தேன்' என்பது பார்வைக்குத்தான். 99 சதவீத ஆல்கஹால் வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைக்கிறவர்களும் உண்டு. 70 சதவீதம்தான் நன்றாக வேலை செய்யும். கிருமியின் புரதத்தைச் சிதைக்க அதில் கொஞ்சம் தண்ணீர் தேவை. பணத்தை அதிகம் கொடுத்துப் பலனைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

பாதப் பராமரிப்புக்கான பெடிக்யூர் தொட்டி பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதி கொடுங்கள். 2000-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற ஊரில் ஒரு நகப்பராமரிப்பு நிலையத்துக்குப் போய்வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளக் கட்டிகள் வந்தன. மைக்கோபாக்டீரியம் ஃபோர்டுயிட்டம் என்ற கிருமி. பலருக்கு மாதக்கணக்கில் ஆறவில்லை, ஆறிய இடத்திலும் தழும்பு நின்றது. அதிகாரிகள் வந்து சோதித்தபோது அந்தக் கடையில் இருந்த 10 தொட்டிகளிலும் அந்தக் கிருமி இருந்தது. கிருமிநாசினியே இல்லாத கடை அல்ல அது. தொட்டியைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கும். தண்ணீரைச் சுழற்றுவதற்காக உள்ளே இழுக்கும் வாயில் ஒரு சல்லடை மூடி இருக்கிறதல்லவா, அதன் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து கிடந்தன. அந்த மூடியை யாரும் கழற்றியதே இல்லை. ஒவ்வொரு முறை மோட்டாரைப் போடும்போதும் அந்தக் குப்பை வழியாக வந்த தண்ணீரில்தான் அடுத்தவர் காலை வைத்தார். வருவதற்கு முன் காலை ரேசரால் மழித்தவர்களுக்குத் தொற்று அதிகம் வந்தது என்பதும் அந்த விசாரணையில் தெரிந்தது. மழிக்கும்போது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கிருமி நுழைய அது போதும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த நடைமுறைகள் இன்று எல்லோருக்கும் தெரிந்தவை. ஒவ்வொருவருக்குப் பிறகும் தண்ணீரை வடித்து, உள்ளே சோப்பு போட்டுத் தேய்த்து, அலசி, மறுபடி சுத்தமான தண்ணீர் நிரப்பி, கிருமிநாசினி கலந்து, மோட்டாரை ஓடவிட்டு 10 நிமிடம் விட வேண்டும். ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது சல்லடை மூடியைக் கழற்றி, அதன் பின்னால் இருப்பதைச் சுரண்டிக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கிருமிநாசினிக் கரைசலை ராத்திரி முழுக்க, 6 முதல் 10 மணி நேரம் வரை, தொட்டியில் விட்டு வைக்க வேண்டும். கடை மூடும்போது என்று சொன்னேன். அந்த நேரம் ஊழியருக்குச் சம்பளம் உண்டா? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு 'சீக்கிரம் முடி' என்று சொல்கிற கடையில் எந்த மூடியும் கழறாது. புதிதாகத் தொட்டி வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, குழாயும் மோட்டாரும் இல்லாத சாதாரணத் தொட்டியை வாங்குங்கள். குமிழி வராது, படத்தில் அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆனால் கை எட்டாத இடம் என்று எதுவும் அதில் இல்லை.

ரத்தம் படக்கூடிய கருவிகளுக்கு அளவுகோலே வேறு. நகச் சதை வெட்டும் நிப்பர், கரும்புள்ளி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் போன்றவை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே காய்ந்த நிலையிலும் குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். நாம் பார்க்கும்போது கருவியில் ஒரு துளி சிவப்பும் தெரியாது. இப்படிப்பட்ட உலோகக் கருவிகளுக்கு ஆட்டோகிளேவ்தான் சரியான வழி. அழுத்தத்தில் இருக்கும் நீராவி, 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம். அதுவும் கழுவி, உலர்த்தி, பையில் போட்ட பிறகு. இந்த இயந்திரம் புதிய கண்டுபிடிப்பும் இல்லை, 1879-இல் பிரான்ஸில் சார்ல்ஸ் ஷாம்பர்லான் உருவாக்கியது. வாங்கினால் மட்டும் போதாது, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ஸ்போர் சோதனைப் பட்டை வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பம் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அந்தப் பட்டையில் இருக்கும். அவை சாகாவிட்டால் இயந்திரம் சரியில்லை என்று அர்த்தம்.

தோலில் ஊசி குத்திச் செய்யும் அழகு சிகிச்சை தருகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் அழகு நிலையத்தில், வாடிக்கையாளரின் சொந்த ரத்தத்தை எடுத்து மைக்ரோநீடிலிங் (நுண்ணூசிகளால் தோலில் குத்துவது) செய்யும் ஃபேஷியல் வழியாகப் பெண்களுக்கு எச்ஐவி பரவியதை அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-இல் விவரமாக வெளியிட்டது. ஊசித்தலையைக் கழுவி இரண்டாம் முறை பயன்படுத்தலாம் என்ற யோசனை உங்களிடமிருந்து வந்தாலும் சரி, ஊழியரிடமிருந்து வந்தாலும் சரி, அந்த நிமிடமே நிறுத்த வேண்டியது.

அந்த நீல விளக்கு எரியும் யூவி பெட்டிக்கு வருகிறேன். விற்கிறவர்கள் அதை ஸ்டெரிலைசர் என்று சொல்லித்தான் தலையில் கட்டுகிறார்கள். புறஊதா ஒளி நேராகப் படுகிற பரப்பில் மட்டும்தான் வேலை செய்யும். கத்தரியின் மூட்டுக்குள், பிரஷ்ஷின் முடிகளுக்கு நடுவில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கருவிகளின் அடியில் ஒளி போகாது. விளக்கு பழசானால் கண்ணுக்கு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், கிருமியைக் கொல்லும் வலு மட்டும் குறைந்துவிடும். ஏற்கெனவே கிருமிநீக்கம் செய்ததைத் தூசி படாமல் வைக்க அது ஒரு நல்ல அலமாரி, அவ்வளவுதான். சூடான கண்ணாடி மணிகள் நிரப்பிய சின்ன டப்பாவும் அப்படியே. மணிக்குள் போகிற நுனிதான் சூடாகும், மற்ற பாகம் இருந்தபடியே இருக்கும். வாங்கிவிட்டீர்கள் என்றால் போகட்டும், ஆனால் அதைக் காட்டி ஊழியரிடம் 'இதில் போட்டு எடு, அடுத்தவரைக் கூப்பிடு' என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது, எதையெல்லாம் சுத்தம் செய்யவே முடியாது என்பது. மரக்குச்சி, எமரி தாள் ஒட்டிய நக அரம், நகத்தை மெருகேற்றும் பஃபர், பஞ்சு, ஒப்பனை ஸ்பாஞ்சு, விரல்களுக்கு நடுவில் வைக்கும் நுரைத் துண்டு: இவை உறிஞ்சும் பொருள்கள், உள்ளே போனது வெளியே வராது. ஒருவருக்குப் பயன்படுத்தியதும் குப்பைக்கு. ஒரு பஃபரை வாரம் முழுக்க ஓட்டச் சொல்லும் கடை மிச்சப்படுத்துவது மிகவும் சொற்பம். வாக்ஸிங்கில் மெழுகைத் தடவும் குச்சியான ஸ்பேட்டுலாவும் இப்படித்தான், ஒரு முறை தோலில் பட்டது மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாது. வாக்ஸ் சூடாகத்தானே இருக்கிறது, கிருமி செத்துவிடும் என்று சொல்வார்கள். தோல் தாங்குகிற சூட்டில் கிருமியும் தாங்கும். ஸ்பேட்டுலாக்களை எண்ணிக் கொடுத்து, 'ஒருத்தருக்கு இரண்டுதான்' என்று கணக்குக் கேட்கும் முதலாளி இருக்கும்போது ஊழியர் வேறென்ன செய்வார்? த்ரெடிங் நூலைப் பல்லில் கடித்துக்கொள்ளாமல் கழுத்தில் மாட்டும் வளையத்தில் கட்டிச் செய்யலாம். பழக ஒரு வாரம் ஆகும், பழகிவிட்டால் வேகமும் குறையாது.

இதுவரை சொன்னது வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றி. உங்கள் பணத்தைப் பற்றியும் சொல்கிறேன், அது இன்னும் சீக்கிரம் புரியும்.

ஹேர் டிரையர் அடிக்கடி எரிந்து போவதாக நீங்கள் புலம்புகிறீர்கள். பின்பக்கம் இருக்கும் வலை மூடியைக் கழற்றிப் பாருங்கள். முடியும் தூசியும் அடைத்து ஒரு கம்பளமே இருக்கும். காற்று உள்ளே போகாததால் சுருள் கொதித்து, முதலில் தானாக நின்று நின்று ஓடும், கடைசியில் ஒரேயடியாகப் போய்விடும். வாரத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த வலையைப் பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஒயரைப் பிடியைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைக்கும் பழக்கம் இன்னொரு எமன். பிடிக்குள் நுழையும் இடத்தில் உள்ளே கம்பி அறுந்து, ஒரு நாள் ஈரக் கையில் ஷாக் அடிக்கும்.

கிளிப்பரும் ட்ரிம்மரும் எண்ணெய் இல்லாமல் செத்துப் போகின்றன. ஒவ்வொருவருக்குப் பிறகும் பிளேடில் சிக்கிய முடியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதற்கென்ற கிருமிநாசினி ஸ்பிரே அடித்து, சொன்ன நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். தலைப் படர்தாமரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழிகளில் இந்தப் பிளேடும் ஒன்று. அப்புறம் இரண்டு மூன்று சொட்டு கிளிப்பர் எண்ணெய் விட்டுக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். ஸ்பிரே எண்ணெயை எடுத்துவிடும் என்பதால் இந்தக் கடைசி வேலையை விட்டால் உலோகமும் உலோகமும் உரசிச் சூடாகி முடியைப் பிடித்து இழுக்கும். பிளேடு மழுங்கிவிட்டது என்று நீங்கள் புதிது வாங்குகிற பல நேரங்களில் அது மழுங்கவில்லை, காய்ந்து கிடக்கிறது.

ஃபேஷியல் ஸ்டீமருக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளே வெள்ளைப் படிவு பிடித்து, நீராவியோடு கொதிநீரும் தெறிக்கும். தெறிப்பது ஒருவரின் முகத்தில். காய்ச்சி வடித்த நீர், குறித்த கோட்டுக்கு மேல் போகாமல். எண்ணெயையோ மூலிகையையோ தொட்டிக்குள் போட வேண்டாம், அதற்கென்று தனிக் கிண்ணம் உள்ள மாடல்கள் உண்டு. ராத்திரியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு உலரவிட வேண்டும், தேங்கிய நீரில் கிருமி வளரும். ஸ்ட்ரெய்ட்னர் தகட்டில் படிந்த சீரம் கறையை லேசான சூட்டில் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும், கத்தியால் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

கத்தரியைப் பிளீச்சில் ஊறப்போடும் கடைகளும் உண்டு. நல்ல எஃகில்கூடக் குழி விழுந்துவிடும், பிறகு எத்தனை சாணை பிடித்தாலும் பழைய வெட்டு வராது. பிளீச்சைப் பற்றி இன்னும் பெரிய ஆபத்து ஒன்று சொல்ல வேண்டும். ஹேர் கலர்களில் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. கலர் கலந்த கிண்ணங்கள் கிடக்கும் அதே சிங்கில் பிளீச்சை ஊற்றினால் கிளம்பும் குளோரமின் வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரினே வெளியாகும். ஜன்னல் இல்லாத பின்னறையில், கையுறை இல்லாமல், என்ன பாட்டில் என்று லேபிளும் இல்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர் பெரும்பாலும் கடையிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் பெண். கையுறை, லேபிள், காற்று வெளியேற்றும் விசிறி மூன்றும் உங்கள் பொறுப்பு. அதை அவள் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நோட்டில் ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட்டுக்கும் பின்னால் சுத்தம் செய்யும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். அரை மணி வேலை என்றால் 45 நிமிடம் என்று ஒதுக்குங்கள். அது முடியாது, வாடகையே கட்ட முடியாது என்றால் ஆளுக்கு மூன்று செட் கருவி கொடுங்கள். ஒன்று கையில், ஒன்று மருந்தில், ஒன்று உலர்ந்து பெட்டியில். என் அனுபவத்தில் இரண்டாவது வழிதான் பெரும்பாலான கடைகளுக்கு ஒத்துவரும். செட்டுக்கு ஆகிற செலவு ஒரு முறைதான், நேரத்தின் செலவு தினமும். ஆனால் பெடிக்யூர் தொட்டிக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. அங்கே நேரம் கொடுத்தே ஆக வேண்டும், அல்லது தொட்டிகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக வாடிக்கையாளர்களை எடுக்க வேண்டும்.

கமிஷன் முறையையும் பாருங்கள். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ஊழியர் சுத்தம் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. ஒழுங்காக வேலை செய்கிறவர் மாதக் கடைசியில் குறைவாக வாங்குகிறார், அவசரக்காரர் அதிகம் வாங்குகிறார். இதை வைத்துக்கொண்டு எத்தனை தாள் ஒட்டினாலும் பயனில்லை. சுத்தம் செய்யும் நேரத்துக்கு மணிக் கணக்கில் ஒரு தொகை வையுங்கள். அதேபோல, வாடிக்கையாளரின் காலில் ஆறாத புண்ணோ தலையில் படர்தாமரையோ இருந்தால் 'ஆறிய பிறகு வாருங்கள்' என்று சொல்ல ஊழியருக்கு உரிமை வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவருடைய கமிஷன் குறையக் கூடாது, நீங்கள் பின்னால் வந்து 'பரவாயில்லை மேடம், உட்காருங்கள்' என்று அவர் பேச்சை வெட்டவும் கூடாது.

வாடிக்கையாளர்கள் யாரும் கேட்பதில்லையே என்பது நீங்கள் சொல்லும் பதில். கேட்பதில்லை, உண்மைதான். நாற்காலியில் சாய்ந்துவிட்ட பிறகு, கையில் கத்தரி வைத்திருப்பவரிடம் 'இதைக் கழுவினீர்களா' என்று கேட்க யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் கருவி இருக்கும் பையை அவர் கண்ணெதிரே பிரித்து எடுங்கள், தொட்டி கழுவிய நேரமும் கழுவியவர் கையெழுத்தும் உள்ள பதிவேட்டை அவர் பார்வையில் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். கேட்கிறவர்கள் தானாக வருவார்கள், பக்கத்துக் கடையிலும் போய்க் கேட்பார்கள்.

அடுத்த வாரத்து நோட்டு இன்னும் முழுதாக நிரம்பியிருக்காது. அதில் பெடிக்யூர் வரிசைகளை மட்டும் முதலில் தள்ளித் தள்ளி எழுதுங்கள். எழுதுவதற்கு முன், தொட்டி கழுவுகிற பெண்ணைக் கூப்பிட்டு உனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்கிற நேரத்தையே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போன்றவர்களின் கடைகளில் வேலை பார்க்கும் ஒரு பியூட்டீஷியன்